பதிவு எண்ணைப் பிறகு பார்க்கலாம்: ஊரில் ஒரு குடிமக்கள் அமைப்பைத் தொடங்குவோருக்கு

ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று நாலு பேர் கூடினால் முதல் வாரமே அமைப்புக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். அடுத்த வாரம் லெட்டர் பேட், ரப்பர் ஸ்டாம்ப். அதற்கடுத்து யார் தலைவர், யார் செயலாளர் என்று பேச்சு தொடங்கும். பாதிப் பேர் அங்கேயே கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்தக் கட்டுரை அந்த வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்கிறது. பதிவு, நிதி, பொறுப்பாளர்கள் எல்லாம் கடைசியில் வரும். முதலில் வேலை.

அமைப்புகள் செய்யும் வேலை பெரும்பாலும் இரண்டு வகை. கண் சிகிச்சை முகாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, மரக்கன்று என்று தொண்டு ஒரு வகை. அரசு செய்ய வேண்டியதைச் செய்ததா, செலவழித்த பணத்துக்குக் கணக்கு இருக்கிறதா என்று கேட்பது இன்னொரு வகை. பள்ளிக் கூரை ஒழுகினால் வசூல் செய்து ஓடு மாற்றுவது நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கூரைக்கு நிதி ஒதுக்கினார்களா, ஒதுக்கியிருந்தால் அது எங்கே போனது என்று யாராவது கேட்டாக வேண்டும். இந்த வழிகாட்டி அந்த 'யாராவது' ஆக விரும்புகிறவர்களுக்கு. உங்கள் கேள்வியை அரசின் காகிதத்தில் ஏற்ற வேண்டும், பதிலையும் காகிதத்திலேயே வாங்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான வழிதான். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியை வைத்துச் சொல்கிறேன். நகரத்தாருக்கு நடுவில் ஒரு பத்தி உண்டு.

1. ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள்

ஊழல் ஒழிப்பு, நீர்நிலை மீட்பு என்று பெரிதாகத் தொடங்காதீர்கள். போன வருடம் போட்ட ஒரு சிமென்ட் சாலை, பூட்டியே கிடக்கும் ஒரு சுகாதார வளாகம், தண்ணீர் ஏறாத ஒரு மேல்நிலைத் தொட்டி, இப்படி ஒன்று போதும். அரசுப் பணம் செலவான வேலையா, ஊரில் எல்லோர் கண்ணிலும் படுகிறதா, ஆறேழு மாதத்தில் ஒரு முடிவுக்கு வருமா என்று மட்டும் பாருங்கள்.

ஏரி ஆக்கிரமிப்பை முதல் வேலையாக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதில் பட்டா, நீதிமன்றம், சாதி, கட்சி எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். புது ஆட்கள் மூச்சு வாங்கிப்போவார்கள். தெருவிளக்கில் தொடங்கியவர்கள் பிறகு ஏரிக்குப் போகலாம்.

2. யார் வீட்டில் கூடுகிறீர்கள்?

இதை யாரும் வழிகாட்டிகளில் எழுதுவதில்லை. ஆனால் பாதி அமைப்புகளின் தலையெழுத்து இங்கேதான் முடிவாகிறது. முதல் கூட்டத்தை ஊர்த்தெருவின் கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். அப்புறம் "பொதுமக்கள் சார்பில்" என்று மனுவில் எழுதினால் அது பொய்.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் அங்கே முறையான தேர்தலை நடத்த முடியவில்லை. 2006-ல்தான் நடந்தது. சட்டம் கையில் இருந்தும் ஊர் இடம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 அன்று நடந்த கிராம சபையில் முதலமைச்சர் கலந்துகொண்டார்.

ஆகவே பள்ளிக்கூடம், நூலகம், நூறு நாள் வேலை நடக்கும் இடத்து மர நிழல் என்று எல்லோரும் தயங்காமல் வரக்கூடிய இடத்தில் கூடுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களை முதல் நாளே கூப்பிடுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை குடம் கிடைக்கிறது என்ற கணக்கு அவர்களிடம்தான் இருக்கும். பத்துப் பேர் இருந்தால் தாராளம். பொறுப்புகளைப் பிரிக்க வேண்டாம். கூட்டத்தில் பேசியதை எழுதிவைக்க ஒரு நோட்டு, அதை எழுத ஒருவர், அவ்வளவுதான்.

3. காகிதங்களைச் சேர்ப்பது

கேட்காமலே கிடைப்பதை முதலில் எடுங்கள். வேலை நடந்த இடத்தில் திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை எழுதிய பலகை இருக்கும். அதைப் படம் பிடியுங்கள். பலகையே இல்லையென்றால் அதையும் நோட்டில் எழுதுங்கள். மத்திய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் பெயரைத் தேடினால் ஆண்டுத் திட்டமும் செலவும் ஓரளவு தெரியும்.

மீதிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எட்டு வருடம் முன்பே, 1997-ல், தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. மாநிலங்களில் அதுதான் முதல். விதிவிலக்குகள் மலிந்து கிடந்ததால் அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. 2005 சட்டம் அப்படியில்லை.

விண்ணப்பத்துக்குத் தனிப் படிவம் தேவையில்லை. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதலாம். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 6(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சட்டம் இந்த உரிமையைக் குடிமக்களுக்குத்தான் தந்திருக்கிறது. ஆகவே அமைப்பின் பெயரில் எழுதாமல் ஒரு தனி ஆளின் பெயரில் எழுதுங்கள்.

யாருக்கு அனுப்புவது? ஒரு ஒன்றியத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் (பிடிஓ) இருப்பார்கள். ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. நம் வேலைக்கு இரண்டாமவர். "பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம் (கிராம ஊராட்சிகள்)" என்று முகவரி எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அலுவலகம் மாறிப்போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை, அது 6(3).

கேள்வி எழுதுவதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். "சாலை ஏன் தரமற்றதாக உள்ளது?" என்று கேட்டால், அது தகவல் வரம்பில் வராது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஏன், எதற்கு என்ற சொற்களே வேண்டாம். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். ஒரு சாலைக்கு இப்படிக் கேட்கலாம்:

"எங்கள் ஊராட்சியில் பள்ளிக்கூடத் தெருவில் 2024-25-ஆம் நிதியாண்டில் போடப்பட்ட சிமென்ட் சாலை தொடர்பாக: நிர்வாக அனுமதி ஆணை, தொழில்நுட்ப அனுமதியுடன் கூடிய மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பட்டியல் தொகை வழங்கிய விவரம், பணி நிறைவுச் சான்று ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வழங்கவும். மேலும் 2(ஜே) பிரிவின்படி அப்பணியை நேரில் ஆய்வு செய்யவும், பொருள் மாதிரி எடுக்கவும் நாள் குறித்துத் தெரிவிக்கவும்."

கடைசி வரியைக் கவனியுங்கள். போட்ட சாலையிலிருந்து சான்றிட்ட மாதிரி எடுக்கும் உரிமையைச் சட்டமே தருகிறது. அது பலருக்குத் தெரிவதில்லை. இந்த ஆவணங்களில் முக்கியமானது அளவுப் புத்தகம். அலுவலகத்தில் 'எம் புக்' என்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று பொறியாளர் கையெழுத்துப் போட்டிருப்பது அதில்தான். மதிப்பீடு என்பது செய்யப்போவதாகச் சொன்னது. எம் புக் என்பது செய்ததாகச் சொல்வது.

30 நாளுக்குள் பதில் வர வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டச் சொல்வார்கள். 30 நாளில் வராவிட்டாலோ, வந்தது அரைகுறையாக இருந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் நினைத்தால் தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால் அங்கே வரிசை நீளம், பொறுமை வேண்டும். அதனால்தான் முதல் கட்டத்திலேயே கேள்வியைச் சுருக்கமாக, குறிப்பாக எழுத வேண்டும் என்கிறேன்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா விண்ணப்பமும் ஒரே ஆளின் பெயரில் போகக் கூடாது. மணல், கல்குவாரி போன்ற விஷயம் என்றால் ஒரே கேள்வியை மூன்று பேர் தனித்தனியாக அனுப்புங்கள். மிரட்ட வருபவருக்கு யாரை மிரட்டுவது என்று தெரியக் கூடாது.

4. டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள்

காகிதம் வந்ததும் முகநூலில் போடத் தோன்றும். போடாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள். எம் புக்கில் 120 மீட்டர் என்றிருந்தால் தெருவில் எத்தனை மீட்டர்? கனம் எவ்வளவு? அளக்கும்போது அந்தத் தெருக்காரர்கள் உடன் இருக்கட்டும். நாள், நேரம், அளவு எழுதி, இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பிறகு ஊராட்சித் தலைவரையும் செயலரையும் பார்த்து, "இது எங்களுக்குக் கிடைத்த கணக்கு, இது நாங்கள் அளந்தது, வித்தியாசத்துக்கு என்ன விளக்கம்?" என்று கேளுங்கள். சில சமயம் நியாயமான விளக்கம் இருக்கும்: திருத்திய மதிப்பீட்டின்படி மீதி நீளத்தைப் பக்கத்துச் சந்தில் போட்டிருக்கலாம், குழாய் புதைக்க நடுவில் விட்டிருக்கலாம். விளக்கம் சரியென்றால் அதை ஏற்றுக்கொண்டு வெளியிலும் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்கள் குற்றம் சொல்லும்போது ஊர் காது கொடுக்கும்.

தலைவரே இல்லாத ஊராட்சியாகவும் இருக்கலாம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அப்படிப்பட்ட காலத்தில் கேள்வி நேராகப் பிடிஓ-விடம் போக வேண்டும். ஓட்டுக் கேட்டு வர வேண்டிய கட்டாயம் இல்லாதவரிடம் கணக்குக் கேட்க ஊர்ப் பொதுமக்கள் குழு ஒன்று இன்னும் அவசியம்.

5. கிராம சபை

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்காக இருந்தது. மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் 2022-ல் சேர்ந்தவை. தேர்தல், மழை என்று தேதி தள்ளிப்போவதும் உண்டு, அறிவிப்பைப் பாருங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சபையின் உறுப்பினர்கள். பேசுவதற்கு அமைப்பு, அடையாள அட்டை எதுவும் வேண்டாம்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் பொருளை எழுத்தில் தலைவருக்கோ தனி அலுவலருக்கோ கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அன்று காலையில் போய் வாய்விட்டுக் கத்தினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தீர்மான வாசகத்தையும் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். "சாலையைச் சரி செய்ய வேண்டும்" என்று எழுதாமல், எந்தச் சாலை, எத்தனை மீட்டர் குறைகிறது, யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

குறைவெண், அதாவது கூட்டம் செல்ல குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு, தெரிந்திருக்க வேண்டும். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நூறு நாள் வேலைக்காரர்களை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கி எண்ணிக்கையைக் காட்டும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அவர்களோடு முன்கூட்டியே பேசிவிட்டால் அதே கூட்டம் உங்கள் பலம்.

கூட்டத்தில் ஊராட்சியின் பொதுநிதிச் செலவு விவரத்தைப் படிக்க வேண்டும். படிவம் 30 என்று கேளுங்கள். "படித்ததாக வைத்துக்கொள்வோம்" என்றால் விடாதீர்கள். எழுந்து நின்று படிக்கச் சொல்லுங்கள். உங்கள் பொருள் வரும்போது தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்படுவதைக் கண்ணால் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் இடம் விட்டுக் கையெழுத்து வாங்குகிறார்களா என்றும் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அந்தத் தீர்மானத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கையில் நகல் இல்லாத தீர்மானத்தை நம்பி எங்கும் போக முடியாது.

கிராம சபைத் தீர்மானத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மேலூரைக் காட்டலாம். 2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானதாகச் செய்தி வந்தது. அந்த மாதமே சுற்றுவட்டார கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊர்த் தீர்மானம் தனியாக இதைச் சாதிக்கவில்லை. நடைப்பயணமும் கடையடைப்பும் சேர்ந்துதான் சாதித்தன. ஆனால் ஊரே எதிர்க்கிறது என்பதற்கு அரசு மறுக்க முடியாத ஆவணம் அந்தத் தீர்மானங்கள்தான். ஒடிசாவின் நியம்கிரியில் கதை இன்னும் கூர்மை. 2013-ல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட, பன்னிரண்டு ஊர்களும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. அங்கே வன உரிமைச் சட்டம் துணை நின்றது. நம் சமவெளி ஊர்களின் தீர்மானத்துக்கு அந்த அளவு சட்ட வலு இல்லை. அதைத் தெரிந்துகொண்டே பயன்படுத்துங்கள்.

நகரத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இல்லை. வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 அன்று தொடங்கின. கவுன்சிலரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டாலே பல இடங்களில் அவருக்கு அப்படி ஒன்று இருப்பது நினைவுக்கு வரும். பெற்றோராக இருந்தால் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழு இன்னொரு நல்ல வாசல். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள்.

6. அப்படியும் நடக்கவில்லையா?

மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து எண் வாங்குங்கள். மனுவோடு தீர்மான நகல், எம் புக் நகல், நீங்கள் அளந்த தாள் மூன்றும் இருந்தால் அது வெறும் புகார் ஆகாது. ஒரு மாதம் கழித்து, அந்த எண்ணைச் சொல்லி "என் மனு மீது எடுத்த நடவடிக்கையின் கோப்புக் குறிப்புகள்" என்று மறுபடி தகவல் கேளுங்கள்.

அதையும் தாண்டிய வழி, ஊரைக் கூட்டிக் கணக்கைச் சத்தமாக வாசிப்பது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1990 மே தினத்தில் தொடங்கியது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் ஒரு சிற்றூர்க் குடிசையில் தங்கி, கூலி பாக்கியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தவர்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணையை நடத்தினார்கள். 'ஜன் சுன்வாய்' என்பது அங்கத்திய பெயர். ஊரார் முன்னால் பஞ்சாயத்தின் வருகைப் பதிவேட்டையும் பில்களையும் வாசித்தார்கள், அவ்வளவுதான். தன் பெயரில் கூலி எடுக்கப்பட்டிருப்பதைக் கேட்டவர்கள் "நான் அந்த வேலைக்கே போகவில்லையே" என்று எழுந்தார்கள். அப்புறம் தகவல் உரிமை கேட்டு 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா, "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற முழக்கம், 2000-ல் ராஜஸ்தானின் தகவல் உரிமைச் சட்டம், 2005-ல் நாடு முழுமைக்கும் சட்டம். அதே 2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டத்தின் 17-வது பிரிவு, கிராம சபை செய்யும் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. சங்கடனின் முழுநேர ஊழியர்கள் வாங்கியது குறைந்தபட்சக் கூலிதான், நிறுவன நிதி வாங்கவில்லை.

உங்கள் ஊரில் செய்வதானால் காவல் நிலையத்துக்கும் பிடிஓ-வுக்கும் முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள். குற்றம் சாட்டப்படுபவரையும் அழைத்து, பதில் சொல்ல நேரம் ஒதுக்குங்கள். வாசிப்பது ஆவணத்தை மட்டும். ஆவணத்தில் இல்லாத ஒரு பெயரைக்கூட மேடையில் சொல்லாதீர்கள். அவதூறு வழக்கு என்று வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்த நகல்கள்தான்.

சில விஷயங்களுக்கு ஊர் மட்டம் போதாது. வேட்பாளர்களின் குற்ற வழக்கும் சொத்தும் இன்று பிரமாணப் பத்திரத்தில் தெரிவதற்குக் காரணம் ஏடிஆர் (ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம்) என்ற அமைப்பு 1999-ல் போட்ட பொதுநல வழக்கு, அதில் 2002-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டம் 2024 பிப்ரவரியில் ரத்தான வழக்கிலும் அவர்கள் மனுதாரர். இப்படிப்பட்ட அமைப்புகளோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கை அவர்கள் நடத்தட்டும், ஊரிலிருந்து ஆவணம் கொடுப்பது நீங்களாக இருக்கலாம்.

7. இப்போது பதிவு, பணம், கட்சி

இரண்டு மூன்று விஷயங்களை இப்படி முடித்த பிறகும் கூட்டம் கலையாமல் இருந்தால் பதிவு பற்றி யோசிக்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். இருபது உறுப்பினரை எட்டினாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். அறக்கட்டளையாகவும் பதியலாம், அதைச் சார்பதிவாளரிடம் செய்வார்கள். ஆனால் அறக்கட்டளையில் அறங்காவலர்கள் வைத்ததே சட்டம். கணக்குக் கேட்கும் அமைப்புக்கு, உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகியை மாற்றக்கூடிய சங்கம்தான் பொருத்தம் என்பேன்.

பணத்தில் கவனம். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து. ஒப்பந்தக்காரர், குவாரிக்காரர், ஊராட்சி வேலை எடுப்பவர் கொடுத்தால் ஆண்டு விழா நோட்டீஸ் அச்சடிக்கக்கூட வாங்காதீர்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்புகிறேன் என்பார். அவரிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கியவர் என்றால் நூறு வெள்ளி அனுப்பினாலும் வெளிநாட்டு நிதியைக் கட்டுப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் குறுக்கே வரும். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவதற்கு அமைப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் வேலைகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும், பணம் டில்லி ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வர வேண்டும். ஊர் அமைப்புக்கு இது தேவையில்லாத தலைவலி. மாதம் ஐம்பது ரூபாய் சந்தா போதும்.

கட்சிக்காரர்களை உறுப்பினராகச் சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஊரில் கட்சி சாராதவர் என்று எத்தனை பேரைக் கண்டுபிடிப்பீர்கள். நிர்வாகப் பொறுப்பில் இருக்கும்போது தேர்தலில் நிற்கக் கூடாது, நிற்பதானால் விலகிவிட வேண்டும் என்று துணை விதியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த வரி பதிவின்போதே இருக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் அறிவித்த பிறகு சேர்க்கப் போனால் அது ஒருவரைக் குறிவைத்ததாகிவிடும்.

கடைசியாக, பதிந்த சங்கம் வருடாவருடம் பொதுக்குழு கூட்டி, வரவு செலவு அறிக்கையை நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதன் ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகச் சுவரில், படிவம் 30-ஐ ஒட்டும் அதே இடத்தில் ஒட்டுங்கள். உங்களிடம் கணக்குக் கேட்க ஊரில் முதலில் வரப்போவது ஊராட்சித் தலைவர்தான்.